முகாமிலிருந்து திரும்பிய இருபத்திரண்டாம் நாள்

இருபத்திரண்டாம் நாள் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அன்று மகளுக்குக் காலாண்டுத் தேர்வு, அத்தையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டிய நாள் வேறு. மறுநாள் அலாரமே வைக்கவில்லை. ஒரு வாரத்தில் தியானத்துக்கென்று வாங்கிய கோரைப்பாய் சுருட்டிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் அதை நான் தொடவே இல்லை.

இத்தனைக்கும் பத்து நாள் மௌன முகாம் முடிந்து வந்தபோது என் முகத்தின் தெளிவைப் பார்த்து அலுவலகத்தில் விசாரித்தார்கள். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். மெல்லப் பேச ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, முகாமுக்குப் போய் வந்த எத்தனையோ பேருக்கு இதே கதை. பயிற்சி வேறு, குரு வேறு, ஊர் வேறு. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "வந்த புதுசுல நல்லாத்தான் போச்சு. அப்புறம் எப்படியோ விட்டுப்போச்சுங்க."

அந்த 'எப்படியோ'வை அவிழ்த்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். தியானம் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பால்காரரும் குக்கரும் தண்ணீர் மோட்டாரும் இருக்கிற ஒரு வீட்டில் அது எப்படி நிலைக்கும் என்பதை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. முகாமில் கிடைத்ததை அப்படியே தூக்கி வந்து வீட்டில் வைக்க முடியாது. வீட்டுக்கென்று ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டும். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது.

மணி அடிக்க ஒருவர் இருந்தார்

நான் போனது எஸ்.என். கோயங்கா கற்பித்த விபாசனா முறை முகாம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாலரை முதல் ஆறரை வரை தியானம். பிறகு சிற்றுண்டி. எட்டு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரம். பதினொன்றுக்கு மதியச் சாப்பாடு. மதியத்தில் மறுபடி, மாலையில் மறுபடி. இரவு ஒன்றேகால் மணி நேரம் கோயங்காவின் சொற்பொழிவு. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் தியானம். கைப்பேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். பேச்சு கிடையாது, படிக்க, எழுத அனுமதி கிடையாது. கட்டணமும் கிடையாது. முன்பு படித்துவிட்டுப் போனவர்கள் கொடுத்த காணிக்கையில் நாம் சாப்பிடுகிறோம்.

முதல் மூன்று நாள் ஆனாபானம், அதாவது மூச்சைக் கவனிப்பது மட்டும். மூச்சை இழுக்கக் கூடாது, அடக்கக் கூடாது, எண்ணக் கூடாது. வருகிறதா, போகிறதா என்று பார்த்தால் போதும். முதல் நாள் முழுக்க எனக்கு மூச்சே தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டதெல்லாம் வீட்டுக் கணக்கு. மூன்றாம் நாள் மதியம் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, ஒரு நெல் நீளமுள்ள இடத்தில் சிலீரென்று காற்று பட்டதை உணர்ந்தேன். உள்ளே போகும் காற்று குளிர்ச்சி, வெளியே வரும் காற்று வெதுவெதுப்பு. நாற்பத்தாறு வருடம் மூச்சு விட்டிருக்கிறேன், இது தெரிந்ததில்லை. கண்ணில் நீர் வந்தது.

அந்த அமைதி உண்மைதான். ஆனால் அதை உண்டாக்கியது நான் மட்டும் இல்லை. காய் நறுக்கினவர் ஒருவர், பாத்திரம் தேய்த்தவர் ஒருவர், மணி அடித்தவர் ஒருவர். என்னைச் சுற்றி ஒரு ஊரே வேலை செய்து என்னை உட்கார வைத்திருந்தது. வீட்டில் அந்த எல்லா வேலையும் என்னுடையது. காய் நறுக்குவதும் நான், மணி அடிப்பதும் நான், மணிக்கு எழுந்திருப்பதும் நான். முகாம் முடிகிற நாளில், காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தினமும் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். என்னால் முடியவில்லை. முடியாதபோது குறைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, முழுசாக விட்டுவிட்டேன். என் பிழை அங்கேதான்.

கணக்கு அலுவலகத்தில் ஒரு தியான ஆசிரியர்

பதினோராம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்க பீரோவை நகர்த்தியபோது பாய் சரிந்து விழுந்தது. அதை விரித்துத் தூசி தட்டியபோது, இந்தப் பயிற்சி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று ஒழுங்காகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. படித்தபோது என்னை உலுக்கிவிட்டது ஒரு விஷயம். இந்த வரிசையில் நமக்கு நெருக்கமான மூன்று பேரும் குடும்பஸ்தர்கள்.

பர்மாவில் லெடி சயாதோ என்ற பெரிய துறவி, மடத்துக்குள் இருந்த பயிற்சியை வீட்டு மனிதர்களுக்குத் திறந்துவிட்டார். அவரிடம் கற்ற சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவரிடம் கற்றவர் ஊ பா கின். 1899இல் ரங்கூனில் பிறந்தவர். கணக்குத் தலைமை அலுவலகத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1937இல் தியானம் பழக ஆரம்பித்தார். 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் பெற்ற அன்று அந்நாட்டின் தலைமைக் கணக்காயரானார். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு அரசுத் துறைகளைத் தலைமை தாங்கி நடத்தியிருக்கிறார். மனைவி, பிள்ளைகள், கோப்புகள், கூட்டங்கள் எல்லாம் இருந்தன.

1941இல் ரயில்வே கணக்குகளைச் சோதிக்கப் போன இடத்தில், வெபு சயாதோ என்ற துறவியை வணங்கப் போனார். துறவி இவருடைய தியானத்தை விசாரித்துவிட்டு, நீ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்றாராம். உடனே தொடங்கினார். முதல் மாணவர் அந்த நிலையத்தின் துணை நிலைய அதிகாரி. வகுப்பு நடந்தது ஆய்வுக்கு வந்த ரயில் பெட்டியில். பிறகு தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கியபின்னும் வேலையை விடவில்லை; 1967 வரை பணியில் இருந்தார்.

அவரிடம் 1955இல் வந்தவர்தான் கோயங்கா. மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர். கடும் ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். தலைவலிக்காக மட்டும் என்றால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் திருப்பி அனுப்பியதை அவரே சொல்லியிருக்கிறார். 1969இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் வகுப்பு நடத்தினார். பிறகு இகத்புரி, அதன்பின் உலகமெங்கும்.

குடும்பத்தோடு இருந்துகொண்டு தியானம் சொன்னவர்கள் நம்மிடமும் உண்டு. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் இன்று தமிழ்நாட்டில் ஊர் ஊராக இருக்கின்றன. காட்டுக்குப் போனால்தான் தியானம் என்கிற எண்ணம் நம் மனதில் எப்படியோ ஏறிவிட்டது. கணக்குப் பேரேடு பார்த்த கையும் தறி நெய்த கையும்தான் நம்மிடம் இதைக் கொடுத்தன.

பாயைத் தட்டி மறுபடி விரித்தேன். அன்று பத்து நிமிடம் மட்டும் உட்கார்ந்தேன்.

பால் பை விழும் சத்தம்

எந்த நேரம் என்பதுதான் முதல் சிக்கல். நாலு மணி என்று தீர்மானித்தால் அது முகாமின் நேரம், என் வீட்டு நேரம் இல்லை. இரவு பதினொன்றுக்குப் படுக்கிறவள் நாலு மணிக்கு எழுந்தால் தியானம் வராது, தூக்கம்தான் வரும். ஒரு வாரம் என் காலைப் பொழுதைக் கவனித்தேன். ஐந்தேகாலுக்கு கேட்டில் பால் பை விழுகிறது. பையை எடுத்து வந்து பாத்திரத்துத் தண்ணீரில் போடுகிறேன். பிறகு அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறேன். அந்த இடைவெளி சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. எனக்கு நேரமே இல்லை என்று பதினோரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் வைத்தேன். பால் பை தண்ணீருக்குள் போனதும் நேரே பாய்க்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்து உட்கார்வதைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலைப் பிடித்து உட்கார்வது எளிது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 96 பேரிடம், ஆளுக்கொரு சிறு பழக்கத்தை அன்றாட நிகழ்ச்சி ஒன்றோடு கோத்துவிடச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பது போல. யோசிக்காமலே அதைச் செய்கிற நிலை வருவதற்கு நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம்: 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கிட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது அதில் வந்த இன்னொரு முடிவு. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. எனக்கு அந்த இருபத்திரண்டாம் நாளில் இது தெரியாமல் போயிற்று.

பத்து நிமிடத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடத்தை நூறு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி அது. எனக்கு ஐந்தாம் மாதத்தில் பத்து தானாகவே இருபதானது. நானாக நீட்டவில்லை, எழுந்திருக்க மனம் வரவில்லை.

முழங்கால் சொல்வதைக் கேளுங்கள்

மனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பாதிப் பேர் நிறுத்துவது முழங்காலால். நாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த தலைமுறை இல்லை. சோபாவிலும் டைனிங் நாற்காலியிலும் வளர்ந்த இடுப்பு, வெறும் தரையில் உட்கார்ந்தால் பின்னால் சரிகிறது. முதுகு கூன் போடுகிறது. முழங்கால் இரண்டும் அந்தரத்தில் நிற்கிறது. கால் மணி நேரத்தில் கழுத்து வலி.

எனக்குத் தீர்வாக அமைந்தது ஒரு பழைய ஜமக்காளம். நாலாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் போதுமான உயரம் கிடைக்கும். அதன் முன் விளிம்பில் உட்கார வேண்டும், நடுவில் இல்லை. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தால் முழங்கால் தானாகத் தரையைத் தொடும். முதுகு, யாரும் நிமிர்த்தாமலே நிமிரும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். அசைத்தால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் முழங்கால் மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது, எழுந்துவிட வேண்டும். வலியைப் பொறுப்பது வைராக்கியம் என்று நினைத்து மூட்டைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. நாற்காலியில் உட்காரலாம். சாயாமல், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தால் போதும். எங்கள் எதிர்வீட்டு அக்கா வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறார். மெஷின் சுற்றி முடிந்து பீப் அடிக்கும்வரை அவருக்குத் தியானம்.

அடுத்தது தூக்கம். கண்ணை மூடியதும் தலை தொங்குகிறது என்று குற்ற உணர்ச்சியோடு சொல்லாதவர் இல்லை. புத்தரின் இரு தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கே தியானத்தில் தூக்கம் வந்திருக்கிறது. அங்குத்தர நிகாயத்தில் இதற்கென்றே ஒரு சூத்திரம் உண்டு. புத்தர் அவருக்கு வரிசையாக வழி சொல்கிறார்: நினைப்பதை மாற்று; கற்றதை நினைத்துப் பார்; வாய்விட்டு ஓது; காதைப் பிடித்து இழுத்துக் கை கால்களைத் தேய்த்துக்கொள்; எழுந்து முகத்தில் நீர் தெளித்து நட்சத்திரங்களைப் பார்; வெளிச்சத்தை மனதில் கொண்டு வா; நட. எதுவும் பலிக்கவில்லையென்றால்? வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு, விழித்ததும் சட்டென்று எழுந்துவிடு என்கிறார். எவ்வளவு கருணையான பட்டியல்! சோம்பேறி என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. நான் காதை இழுத்துப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே விழிப்பு வருகிறது.

அந்த அங்குத்தர நிகாயத்துக்கு ஐந்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை உரையின் முடிவில் குறிப்பிடுகிறார். இலங்கையில் அவர் எழுதிய விசுத்திமார்க்கத்தில், மனம் மூச்சில் நிற்காத தொடக்கக்காரர்களுக்கு மூச்சை எண்ணச் சொல்கிறார். ஐந்துக்குக் குறைவாக நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லை வேறு வகுக்கிறார். குறைந்தால் மனம் நெருக்கடியில் முட்டிக்கொள்ளும். மிஞ்சினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். நான் கற்ற முறையில் எண்ணுவதில்லை. அதனால் தயங்கினேன். ஆனால் தலை கொதிக்கிற நாட்களில் முதல் ஐந்து நிமிடம் பத்துவரை எண்ணுகிறேன், பிறகு விட்டுவிடுகிறேன்.

எண்ணும்போது ஒரு விஷயம் அப்பட்டமாகத் தெரியும். நாலு வரும், ஐந்து வரும், ஆறு வராது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் கரண்ட் பில் இருக்கும். 2010இல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும், 2,250 பேரின் கைப்பேசிக்கு அவ்வப்போது தகவல் அனுப்பி, இந்த நிமிடம் மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். 46.9 சதவீதத் தருணங்களில் மனம் செய்கிற வேலையில் இல்லை. பாதி வாழ்க்கை வேறெங்கோ. நம் மனம் அலைவதில் விசேஷமாக எந்தக் கோளாறும் இல்லை, எல்லோர் மனமும் இப்படித்தான். கரண்ட் பில்லில் இருக்கிறோம் என்று தெரிகிற நொடி இருக்கிறதே, அப்போது நான் பல நாள் 'சே' என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தேன். விழித்துக்கொண்ட மனதுக்கு விழுந்த அடி அது. இப்போது உச்சுக்கொட்டுவதில்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எல்லோரும் எல்லா நாளும் அல்ல

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தியானம் எல்லா மனநிலைக்கும் மருந்து இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் பழகியவர்களுக்குப் பயம், தூக்கமின்மை, தன்னிலிருந்து தானே விலகிப்போன உணர்வு போன்ற தொல்லைகள் வந்ததை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌன முகாமுக்குப் போகக் கூடாது. விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுத வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானம் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உட்கார உட்காரக் கலக்கம் ஏறுகிறது என்றால் கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

அப்படியொரு தொல்லை இல்லாதவர்களுக்கு, வாரம் ஒருமுறை யாரோடாவது சேர்ந்து உட்கார்வது பெரிய பிடிமானம். நானும் எதிர்வீட்டு அக்காவும் ஞாயிறு மாலை மொட்டைமாடியில் உட்காருகிறோம். பேச்சு அதற்குப் பிறகுதான்.

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு உட்கார்வதும் அவசியம். நான் முதலில் திருட்டுத்தனமாக உட்கார்ந்தேன். பெண்களுக்குத் தெரியும், அதிகாலையில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் போல் கூச்சமான காரியம் வேறில்லை. மூன்றாம் நாளே அத்தை பார்த்துவிட்டார்.

"ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா? இருட்டுல உக்காந்திருக்கே?"

"இல்லத்தை, சும்மா பத்து நிமிஷம் மூச்சைப் பார்த்துட்டிருக்கேன்."

"மூச்சுல பார்க்க என்ன இருக்கு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரி, உக்காரு. பாலை நான் பார்த்துக்கறேன்" என்று அடுக்களைக்குப் போனார். முகாமில் எனக்காக மணி அடித்தவருக்கு நிகராக அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் கிடைத்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. என்னில் என்ன மாறியது என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன மாதம் மகள் ஜியோமெட்ரி பாக்ஸை மூன்றாவது முறையாகத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. வயிற்றில் அது கிளம்பியதும் மூக்கு நுனியில் மூச்சு சூடானதும் தெரிந்தன. திட்டினேன்தான். ஆனால் அவள் அழுகிற அளவுக்குப் போகவில்லை. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

நேற்று இரவு இந்தக் கட்டுரையை எழுதிவிட்டுப் படுக்கும்போது ஒரு மணி. காலையில் கேட்டில் பை விழுந்தது அரைத் தூக்கத்தில் கேட்டது. எழுந்திருக்கவில்லை. சற்று நேரத்தில் அறைக் கதவு திறந்தது. அத்தையின் கையில் பால் பை, நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மணி அஞ்சரையாகுது. நீ இன்னும் உக்காரலையா?"